மடிக்கணினியும் மாதத் தவணையும்

(தோட்டக் கிளையின் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

சம்பளத்தைக் கூட்டிக் கேட்பது எப்படி என்று இத்தகைய கூட்டங்களில் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். வாங்கிய சம்பளம் எந்த வழியாக வெளியே போகிறது என்று பேசியது குறைவு. சங்கம் போராடிப் பெற்ற வெள்ளியை ஒரு தவணைக்கடை ஒரே கையெழுத்தில் வாரிக்கொண்டு போகுமானால், போராட்டத்தின் பலன் யாருக்கு? ஆகவேதான், மடிக்கணினி வாங்குவதைப் பற்றியும், அதைக் கடனில் வாங்கலாமா என்பதைப் பற்றியும் பேசும்படி செயலவை கேட்டுக்கொண்டபோது, இதுவும் சங்கத்தின் வேலைதான் என்று ஒப்புக்கொண்டேன்.

தோட்டத்துப் பிள்ளைக்கு மடிக்கணினி எதற்கு, அது ஆடம்பரம் அல்லவா என்று கேட்கும் பெரியவர்கள் உண்டு. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியை வைத்துக்கொண்டு அண்ணன் தம்பி தங்கை மூவரும் பாடம் படித்த வீடுகள் எத்தனை! கட்டுரையைக் கைப்பேசியிலே தட்டித் தட்டி எழுதிய பிள்ளையின் சிரமம் பெற்றோருக்குத் தெரியும். ஆகவே அது ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் தேவையான பொருள் என்பதாலேயே எந்த விலைக்கும், எந்தக் கடனுக்கும் வாங்கலாம் என்று ஆகிவிடாது. அரிசியும் தேவைதான், அதற்காக ஒரு மூட்டைக்கு ஒன்றரை மூட்டை விலை கொடுப்போமா?

முதலில் கேட்கவேண்டியது: யாருக்கு, எப்போது தேவை? ஆரம்பப் பள்ளிப் பிள்ளைக்குச் சொந்தமாக ஒன்று இன்றே வேண்டும் என்பதில்லை. பள்ளியின் கணினி அறையும், வீட்டிலுள்ள கைப்பேசியும் கொண்டு பெரும்பாலும் சமாளிக்கலாம். ஆறாம் படிவம், மெட்ரிக்குலேஷன், பொலிடெக்னிக், பல்கலைக்கழகம் என்று போகும் பிள்ளைக்குத்தான் தள்ளிப்போட முடியாத தேவை. அந்தப் பிள்ளை எந்தத் துறையில் சேருகிறது என்று தெரிந்தபிறகு வாங்குவதே நல்லது. கணக்கியல் படிக்கும் பிள்ளைக்குப் போதுமானது, கட்டட வரைபடம் போடும் பிள்ளைக்குப் போதாது. இரண்டு ஆண்டு முன்னதாகவே வாங்கி வைத்தால், தேவைப்படும் நாளில் அது பழசாகியிருக்கும்.

அடுத்தது, எதைப் பார்த்து வாங்குவது? கடைக்காரர் பளபளப்பைக் காட்டுவார். நாம் நான்கு விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவோம்.

ஒன்று, ரேம் என்னும் வேலை நினைவகம். இது 8 ஜிபிக்குக் குறையக்கூடாது. 4 ஜிபி உள்ளதை மலிவாகக் கொடுப்பார்கள். இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாகத் திறந்தவுடன் அது திணறும்.

இரண்டு, சேமிப்பகம். எஸ்.எஸ்.டி. வகையாக, 256 ஜிபியாவது இருக்கவேண்டும். மிக மலிவான இயந்திரங்களில் ஈ.எம்.எம்.சி. வகையில் 64 ஜிபி மட்டும் இருக்கும். விண்டோஸே அதில் பெரும்பகுதியை அடைத்துக்கொள்ளும்.

மூன்று, செயலி. பாட வேலைக்கு இன்டெல் ஐ3 அல்லது ரைசன் 3 வகையில் அண்மைக்காலத்தது போதும். விளையாட்டுக்கென்று செய்த விலையுயர்ந்த இயந்திரம் நமக்கு வேண்டாம்.

நான்கு, திரையும் உத்தரவாதமும். 14 அங்குலத் திரை, 1920க்கு 1080 புள்ளிகள். உத்தரவாதம் எத்தனை மாதம், பழுதானால் எந்த ஊருக்குக் கொண்டுபோக வேண்டும் என்பதை எழுத்தில் கேளுங்கள்.

எழுத்து வேலைக்கும் கணக்கு வேலைக்கும் தனியாக மென்பொருள் வாங்கச் சொன்னால் அவசரப்படாதீர்கள். லிப்ரே ஆபீஸ் இலவசம். பல உயர்கல்வி நிலையங்கள் தங்கள் மாணவர்களுக்கு மைக்ரோசாஃப்ட் மென்பொருளைக் கட்டணமின்றியே கொடுக்கின்றன. முதலில் கல்லூரியில் கேட்டுவிட்டு, பிறகு பையைத் திறக்கலாம்.

பழைய மடிக்கணினி வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். பெரிய அலுவலகங்கள் சில ஆண்டுகள் ஓட்டிவிட்டு விற்கும் திங்க்பேட், லாட்டிடியூட், எலீட்புக் போன்றவை உறுதியாகச் செய்யப்பட்டவை. புதிய மலிவு இயந்திரத்தைவிட அவை பல சமயம் மேல். ஆனால் ஓர் எச்சரிக்கை. விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு நின்றுவிட்டன. ஆகவே விண்டோஸ் 11 முறையாக ஓடும் இயந்திரமாக இருக்கவேண்டும். இன்டெல் செயலியானால் பொதுவாக எட்டாம் தலைமுறையாவது வேண்டும். ஐ5-8250 என்று எழுதியிருந்தால் கோட்டுக்குப் பின்வரும் 8 அந்தத் தலைமுறையைக் காட்டும். ஐ5-7200 என்றிருந்தால் அது ஏழாம் தலைமுறை, அதை வாங்கவேண்டாம். கடையிலேயே மின்கம்பியைக் கழற்றிவிட்டு அரைமணி நேரம் ஓட்டிப் பாருங்கள். பேட்டரியின் யோக்கியதை தெரிந்துவிடும். எல்லா எழுத்தையும் தட்டிப் பாருங்கள். பழைய சொந்தக்காரரின் கடவுச்சொல் பூட்டு எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இப்போது கடனுக்கு வருகிறேன், தோழர்களே. இதுதான் இன்றைய பேச்சின் முக்கியம்.

ஒட்டுக்கடையில் 555 புத்தகம் வைத்துப் பற்று வாங்கியது நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். வாங்கிய பொருளின் விலை அதிலே எழுதியிருக்கும். எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பது நம் கண்முன்னே இருக்கும். இன்றைய தவணைக்கடையோ விலையைச் சொல்வதில்லை. "மாதம் 125 வெள்ளிதான்" என்று சொல்கிறது. நாமும் 125 வெள்ளி முடியுமா என்று பார்க்கிறோமே தவிர, மொத்தம் எவ்வளவு என்று கேட்பதில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ரொக்கத்துக்கு 2,000 வெள்ளி விலையுள்ள ஒரு மடிக்கணினி. தவணையில் மாதம் 125 வெள்ளி வீதம் 24 மாதம். மொத்தம் 3,000 வெள்ளி. கூடுதலாகக் கொடுப்பது 1,000 வெள்ளி. "இரண்டு ஆண்டுக்கு 1,000, ஆக ஆண்டுக்கு 25 விழுக்காடுதானே" என்பார் கடைக்காரர். அதுவும் முழு உண்மை இல்லை. நாம் மாதா மாதம் அசலைத் திருப்பிக்கொண்டே வருகிறோம். ஆனால் வட்டியோ கடைசி மாதம்வரை முழு 2,000 வெள்ளிக்கே போடப்படுகிறது. குறைந்துவரும் பாக்கிக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி ஆண்டுக்கு ஏறத்தாழ 42 விழுக்காடு!

1951ஆம் ஆண்டின் வட்டிக்கடைச் சட்டப்படி, உரிமம் பெற்றவர் ஈடில்லாமல் கொடுக்கும் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வட்டி வாங்கக்கூடாது. அந்த அளவுகோலை வைத்து இந்தத் தவணையைப் பாருங்கள்.

இதையே வேலை நாளாக மாற்றிப் பாருங்கள். 2025 பிப்ரவரி முதல் நாளில் ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். வட்டிக்குப் போகும் 1,000 வெள்ளி என்பது 15 நாள் உழைப்பு. விடியற்காலையில் எழுந்து, தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, நிரை பிடித்துப் பதினைந்து நாள் பால் வெட்டி, அந்தப் பாலைக் கொண்டுபோய்த் தவணைக்கடை வாசலிலே ஊற்றுவதற்கு ஒப்பாகும் இது.

அதே 125 வெள்ளியை மாதா மாதம் நாமே சேர்த்தால் 16 மாதத்தில் 2,000 வெள்ளி கையில் இருக்கும். பிறகு எட்டு மாதம் எதுவும் கட்டவேண்டாம். கடன் வாங்கியவர் அந்த எட்டு மாதமும் கட்டிக்கொண்டிருப்பார். ஆறாம் படிவத்துக்குப் போகும் பிள்ளையின் பெற்றோர், அந்தப் பிள்ளை நான்காம் படிவத்தில் இருக்கும்போதே சேமிக்கத் தொடங்கினால் கடனே தேவையில்லை.

"பிள்ளை அடுத்த மாதம் கல்லூரிக்குப் போகிறதே, பதினாறு மாதம் எங்கே காத்திருப்பது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குக் கடனே கூடாது என்று பிடிவாதமாகச் சொன்னால், பிள்ளையின் படிப்பை நான் விளையாட்டாக நினைக்கிறேன் என்று பொருள். ஆனால் கடனுக்கு முன்னே சில படிகள் உண்டு. முதல் படி, பாதி விலைக்குள் நல்ல பழைய இயந்திரம். இரண்டாம் படி, சேமநிதி. 2024 மே 11 முதல் நம் சேமநிதிச் சந்தாவில் பத்தில் ஒரு பங்கு நெகிழ்வுக் கணக்குக்குப் போகிறது. குறைந்தது 50 வெள்ளியாக அதிலிருந்து எடுக்கலாம். 1,700 வெள்ளி சம்பளத்துக்கு மாதம் ஏறத்தாழ 41 வெள்ளி அதில் சேரும். அது முதுமைக்கான பணம். கைப்பேசிக்கும் கொண்டாட்டத்துக்கும் அதைத் தொடவேண்டாம். ஆனால் 42 விழுக்காட்டுக் கடனா, அந்தப் பணமா என்றால், பிள்ளையின் படிப்புக்கு அந்தப் பணமே மேல். மூன்றாம் படி, பாதியை முன்பணமாகக் கொடுத்து, மீதியை ஆறு மாதத்துக்குள் முடிக்கும் சிறு கடன்.

இதையெல்லாம் பார்த்த பிறகும் தவணைதான் வழி என்றால், மூன்று கேள்விகள் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

முதல் கேள்வி: ரொக்க விலை எவ்வளவு, கட்டும் மொத்தம் எவ்வளவு? இரண்டையும் ஒரே தாளில் எழுதித் தரச்சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் கடையிலே வாங்காதீர்கள். காப்புறுதி, பதிவுக் கட்டணம் என்று பின்னால் நுழைப்பதையும் மொத்தத்தில் சேருங்கள்.

இரண்டாவது கேள்வி: என்னுடைய மிகக் குறைந்த சம்பள மாதத்தில் இதைக் கட்ட முடியுமா? நல்ல மாதத்தை வைத்துக் கணக்குப் போடுவதே நம் பெரிய ஆபத்து. மரம் இலை உதிர்க்கும் காலத்தில் பால் குறையும். மழையில் பட்டை நனைந்தால் வெட்டு இல்லை. தவணைக்கு மழைநாளும் கிடையாது, இலையுதிர் காலமும் கிடையாது. கடந்த பன்னிரண்டு மாதச் சம்பளச் சீட்டுகளை எடுத்து, மிகக் குறைந்ததைப் பாருங்கள். அதில் சாப்பாடும் பள்ளிச் செலவும் போக மிச்சமிருந்தால் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.

மூன்றாவது கேள்வி: ஒரு மாதம் தவறினால் என்ன ஆகும்? தாமதக் கட்டணம் எவ்வளவு, பொருளை எடுத்துக்கொண்டு போவார்களா, ஜாமீன் போட்டவர் மாட்டிக்கொள்வாரா? தோழனுக்கு ஜாமீன் போடுவது என்றால் அவன் கடனை நாமே கட்டச் சம்மதிப்பது என்றே பொருள்.

கைப்பேசியில் "இப்போது வாங்கு, பிறகு கொடு" என்று வரும் ஏற்பாட்டையும் இதே கேள்விகளால் சோதியுங்கள். மூன்று தவணையும் சேர்ந்து ரொக்க விலைக்குச் சமமாக இருந்து, பணம் வருவதும் உறுதியானால் குற்றமில்லை. ஆனால் ஒன்றல்ல, நான்கு பொருளுக்கு இப்படிச் செய்தால் சம்பள நாளன்றே சம்பளம் காலி. 2025இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய பயனீட்டாளர் கடன் சட்டம் இத்தகைய கடன் கொடுப்போரையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவர வகை செய்கிறது. நல்ல காரியம். ஆயினும் சட்டம் நமக்குப் பதிலாகக் கையெழுத்தைப் படித்துப் பார்க்காது.

சம்பளத்திலிருந்து செய்யும் கழிவு பொதுவாகப் பாதிக்கு மேல் போகக்கூடாது என்று 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் காவல் வைத்திருக்கிறது. கிராணிமார்களுக்கு இது தெரியும். ஆனால் அந்தக் காவல் சம்பளச் சீட்டோடு நின்றுவிடுகிறது. பணம் வங்கியில் விழுந்தபின் தவணைக்காரர் எடுப்பதற்கு அந்தக் காவல் இல்லை. அதைவிடக் கொடியது, ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய எண்ணையும் ஆலோங்கிடம் ஈடு வைப்பது. அட்டையைக் கொடுத்தவர் தம் சம்பளத்தையே கொடுத்துவிட்டார். எந்தக் கடனுக்கும், எந்த அவசரத்துக்கும் அட்டையைக் கொடுக்காதீர்கள்.

"நாமே கூட்டுப் பிடித்து ஆளுக்கொரு மடிக்கணினி எடுக்கலாமே" என்று சில தோழர்கள் யோசனை சொன்னார்கள். எண்ணம் நல்லது, ஆனால் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. பிடித்தவர் ஓடிவிட்டால் கேட்பதற்கும் வழியில்லை. சட்டத்துக்கு உட்பட்ட ஒற்றுமைக்கு நம்மிடமே முன்மாதிரி உண்டு. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பங்குப் பணம் சேர்ந்து தோட்டங்களையே வாங்கியது. தோட்டத்தை வாங்கிய கைகளுக்கு ஒரு மடிக்கணினியைக் கடனில்லாமல் வாங்க முடியாதா?

ஆகவே செயலவையின் முன் மூன்று யோசனைகளை வைத்து முடிக்கிறேன். தவணை ஒப்பந்தம் எதுவானாலும், கையெழுத்திடுவதற்கு இரண்டு நாள் முன்னதாகக் கிளையில் காட்டவேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருப்பதைத் தமிழில் படித்துச் சொல்லவும், மொத்தத்தைக் கூட்டிக் காட்டவும் கிராணிமார்களாகிய நாங்கள் இருக்கிறோம். ஒரே ஆண்டில் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோர் ஒன்றாகச் சென்று ரொக்கத்துக்கு விலை பேசவேண்டும்; ஐந்து பேர் சேர்ந்து கேட்டால் ஒருவருக்குக் கிடைக்காத விலை கிடைக்கும். பழைய இயந்திரம் வாங்குவோருடன் விவரம் தெரிந்த நம் இளைஞர் ஒருவர் கடைக்குப் போகவேண்டும்.

மாதம் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, மொத்தம் எவ்வளவு என்று கேட்கக் கற்றுக்கொள்வோம். சம்பளப் பேச்சில் ஒரு வெள்ளிக்காக வாதாடும் நாம், கடையிலே ஆயிரம் வெள்ளியை வாய்மூடிக் கொடுக்கவேண்டாம். பிள்ளை கல்லூரிக்குப் போகும்போது மடிக்கணினியோடு போகட்டும். கடன் வீட்டிலே தங்காமல் இருக்கட்டும்.