ஒரே மூச்சில் எண்ணுங்கள்

ஒரே மூச்சில் எத்தனை வரை உங்களால் எண்ண முடியும்?

கில்லன் பாரே என்று ஒரு நரம்பு நோய். பெரும்பாலும் காலில் தொடங்கும் பலவீனம், மெல்ல மேலே ஏறும். மூச்சு விடும் தசையையும் தொடலாம். அப்போதும் விரலில் மாட்டிய ஆக்சிஜன் மீட்டர் முதலில் நல்ல எண்ணையே காட்டலாம். அதை மட்டும் நம்பினால் ஏமாந்துபோவோம்.

யோசிக்கிற நர்ஸ் என்ன செய்வார்? "ஐயா, மூச்சை நல்லா இழுத்து, ஒண்ணு, ரெண்டுன்னு சத்தமா எண்ணுங்க" என்பார். காலையில் 30 வரை எண்ணியவர் சாயங்காலம் 15-இல் நின்றுவிட்டால், உடனே டாக்டரைக் கூப்பிடுவார்.

அடுப்பில் பால் வைத்தால், வழிந்த பிறகா ஓடுகிறோம்? ஓரத்தில் நுரை கூடும்போதே தணலைக் குறைக்கிறோம். மீட்டரில் எண் இறங்குவது, பால் வழிவது. எண்ணிக்கை குறைவது, நுரை கூடுவது. நுரையைப் பார்க்கிற கண்தான் உயிரைக் காக்கும்.