அரண்மனைக்குள் வராத சிவகாமி

அரச குடும்பத்துக்கும் சாதாரணக் குடும்பத்துக்கும் நடுவே வரும் காதல் கதைகளைப் பற்றி இன்னைக்குப் பேசலாம். கல்கியின் இரண்டு நாவல்களை எடுத்துக்கிறேன்: சிவகாமியின் சபதம், பொன்னியின் செல்வன். இரண்டோட முடிவையும் சொல்லிடுவேன். இன்னும் படிக்காதவங்க படிச்சிட்டு வந்து கேளுங்க.

இந்தக் கதைகளில் காதலுக்குத் தடை எது? பணம், அந்தஸ்துன்னு சட்டுனு சொல்லிடுவோம். ஆனால் ராஜ வம்சத்தில் கல்யாணம் என்பது அரசியல் ஒப்பந்தம். பெண் வீட்டிலிருந்து நட்பும் படையும் வரணும். ஒரு சிற்பியின் மகள் எதைக் கொண்டுவர முடியும்?

சிவகாமியின் சபதம் 1944இல் கல்கி பத்திரிகையில் தொடராக ஆரம்பித்தது. ஆயனச் சிற்பியின் மகள் சிவகாமி. பல்லவ இளவரசர் மாமல்லர், அதாவது நரசிம்மவர்மர். அவர் வாதாபியைப் பிடித்தது வரலாறு. சிவகாமி கல்கியின் கற்பனை.

குறுக்கே நிற்பவர் மாமல்லரின் அப்பா மகேந்திரவர்மர். அவரைக் கொடுமைக்காரர்னு நம்மால் ஒதுக்க முடியாது. சிவகாமியின் நடனத்தை மனசார ரசிக்கிறவர் அவர். அவளுடைய கலை அவருக்கு வேணும். மருமகளாக மட்டும் அவள் வேண்டாம். இந்த நாவலில் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் இதுதான். வெறுத்து விலக்கினால் எதிர்த்து நிற்கலாம். பாராட்டிக்கொண்டே வாசலில் நிறுத்துபவரிடம் என்ன சொல்றது?

சளுக்கர்கள் சிவகாமியை வாதாபிக்குக் கொண்டு போயிடறாங்க. மாமல்லர் மாறுவேஷத்தில் வந்து கூப்பிடும்போது அவள் வர மறுக்கிறாள். இந்த நகரத்தை எரித்துவிட்டு என்னை அழைத்துப் போங்கள் என்கிறாள். பலர் இதைப் பிடிவாதம் என்பார்கள். எனக்கு வேற மாதிரி தோணுது. ஒளிந்து ஒளிந்தே காதலிக்கப்பட்ட பெண், ஒரு தடவையாவது ஊர் பார்க்கத் தன்னை அழைத்துப் போகச் சொல்கிறாள்.

வருஷக்கணக்காகக் காத்திருக்கிறாள். வாதாபி எரிகிறது. காஞ்சிக்குத் திரும்பிய பிறகுதான், மாமல்லருக்குப் பாண்டிய இளவரசியோடு கல்யாணமாகி, குழந்தைகளும் இருப்பது அவளுக்குத் தெரியவருது. சிவகாமி தன்னை ஏகாம்பரநாதருக்கே அர்ப்பணித்துவிடுகிறாள். சபதம் ஜெயிச்சது, காதல் ஜெயிக்கலை.

இப்போ பொன்னியின் செல்வன். 1950இல் தொடங்கிய தொடர். கோடிக்கரையில் படகு ஓட்டும் பூங்குழலி மனசில் இளவரசர் அருள்மொழிவர்மர் இருக்கிறார். கடைசியில் அவள் கைப்பிடிப்பது தஞ்சாவூரில் பூமாலை கட்டும் சேந்தன் அமுதனை. அவன் ஏழை என்று நம்பித்தான் ஏற்கிறாள். அது அவளுடைய சொந்த முடிவு, அழகான முடிவு. ஆனா கல்கி அதோடு விடலை. அந்த அமுதன்தான் செம்பியன் மாதேவியின் உண்மையான மகன்னு தெரிய வருது. அவன் உத்தம சோழனாகப் பட்டம் ஏறுகிறான், ஓடக்காரப் பெண் ராணியாகிறாள்.

படிக்கும்போது நமக்குச் சந்தோஷமாத்தான் இருக்கு. எனக்கும்தான். ஆனால் கொஞ்சம் நின்னு யோசிச்சுப் பாருங்க. பிறப்பு ரகசியம் என்கிற இந்த உத்தி பழைய கதைகளிலும் உண்டு, நம்ம சினிமாவிலும் ஏராளம். ஏழைப் பையன் கடைசி ரீலில் ஜமீன் வாரிசாகிடுவான். இது எல்லாரையும் திருப்திப்படுத்துது. காதலர்கள் சேர்ந்துட்டாங்க, வேலியும் அப்படியே இருக்கு. யாரும் யாரையும் தாண்டி வரலை. “அட, இவன் நம்ம ஆள்தான்” என்று முடிந்துபோகிறது.

அரண்மனைகள் போயாச்சு. ஆனால் வீட்டில் ஒரு பெண் தன் காதலைச் சொன்னதும் வரும் முதல் கேள்வி, பையன் எப்படிப்பட்டவன் என்பதா, எந்த ஆளுங்க என்பதா? அந்தக் கேள்விக்குப் பதில் பிடிக்காததால் கொலைகூட நடக்கிற ஊர் நம்ம ஊர். அதனால் பிறப்பு ரகசியத்தால் சேரும் காதலைவிட, சேராமல் போன சிவகாமியின் காதல் எனக்கு நேர்மையாகப் படுகிறது. அவளுக்காக எந்த ரகசிய ஓலையும் எங்கிருந்தும் கிடைக்கவில்லை. கடைசிவரை அவள் சிற்பியின் மகள்தான். அவளை ஏற்காத குறை அரண்மனையோடதுன்னு நமக்குப் புரிந்துவிடுகிறது.

பிறப்பு மாறாமலே இரண்டு பேர் சேர்ந்து வாழும் கதை எதையாவது நீங்க தமிழில் படிச்சிருந்தா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் அதிலிருந்தே தொடங்கலாம்.