சத்தம் எங்கிருந்து வருகிறது?

(வானொலியில் வழங்கிய மறைச்சிந்தனை)



இன்று ஒரு பழைய காரின் எஞ்சினைப் பற்றிப் பேசப்போகிறேன். சாமியார் மெக்கானிக் கடை வைத்துவிட்டாரோ என்று சிரிக்காதீர்கள். இந்தப் பாடத்தை நான் விலை கொடுத்துக் கற்றேன். அந்த விலையைக் கொடுத்தது நான் மட்டும் அல்ல.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பங்கில் பொறுப்பேற்றபோது, அங்கே பழைய கார் ஒன்று இருந்தது. காலையில் கிளப்பினால் எஞ்சினிலிருந்து தையல் மிஷின் ஓடுவதுபோல 'டிக், டிக், டிக்' என்று சத்தம் வரும். ஏறி உட்காருகிறவர்கள் எல்லாரும், "என்ன சாமி, வண்டி இப்படிக் கத்துது?" என்பார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு பட்டறையில் வண்டியை விட்டு, "தம்பி, இந்தச் சத்தம் நின்றால் போதும்" என்றேன். நான் கேட்டதையே அவர் செய்து கொடுத்தார். சத்தம் நின்றது. எனக்கு ஒரே மகிழ்ச்சி.

சில மாதங்கள் கழித்து ஓர் இரவு, மலைமேல் உள்ள கிளைப்பங்கிலிருந்து அழைப்பு. ஓர் அம்மாவுக்கு உடல்நிலை மோசம், நோயில்பூசுதல் வேண்டும் என்றார்கள். உடனே புறப்பட்டேன். ஏற்றத்தில் வண்டி இழுக்கவில்லை. எஞ்சின் உதறியது, பாதி வழியில் நின்றேவிட்டது. அந்த வழியாக வந்த ஓர் இளைஞரின் பைக்கில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் அந்த அம்மாவுக்கு நினைவு தப்பியிருந்தது. "ஒரு மணி நேரமா உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாங்க சாமி" என்றார் மகள். அருளடையாளத்தை வழங்கினேன். ஆனால் அந்த அம்மா என்னிடம் சொல்ல நினைத்ததைக் கேட்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

மறுநாள் வேறொரு மெக்கானிக், வயதான பாய் ஒருவர், எஞ்சினைத் திறந்தார். புகை வெளியேறும் வழியில் உள்ள வால்வு ஒன்றின் விளிம்பு எரிந்து அரித்துப்போயிருந்தது. "ஃபாதர், லேசா சத்தம் போடுற டேப்பட்டுக்குப் பயப்படாதீங்க. சத்தமே போடாத டேப்பட்டுக்குத்தான் பயப்படணும்" என்றார்.

பிறகு விளக்கினார். வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத இடைவெளிதான். மாருதி 800, அம்பாசிடர் போன்ற பழைய வண்டிகளில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய தகட்டை வைத்து அளந்து, திருகி, அதைச் சரிசெய்வார்கள். இடைவெளி கூடினால் 'டிக் டிக்' கேட்கும். அறவே இல்லாமல் இறுக்கிவிட்டால் சத்தம் நின்றுவிடும். ஆனால் சூடேறி நீளும் வால்வு முழுவதும் மூடாது. மூடி உட்கார்ந்தால்தான் அது தன் சூட்டை இறக்கிவைக்க முடியும். மூடாத இடுக்கு வழியே எரியும் வாயு பாய்ந்து விளிம்பைத் தின்றுவிடும். நான் கேட்டு வாங்கிய அமைதி இதுதான்.

பாய் எனக்குக் கற்றுத்தந்த முறையை உங்களுக்கும் சொல்கிறேன். முதலில் ஆயில். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சில நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் குறைந்தாலே மேலே உள்ள பாகங்கள் தட்டத் தொடங்கும். இரண்டாவது, சத்தம் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். காலைக் குளிரில் பலமாகக் கேட்டு, எஞ்சின் சூடானதும் குறைந்தால், புகைக்குழாய் எஞ்சினோடு சேரும் இடத்தில் கேஸ்கெட் கசியலாம்; அங்கே கரி படிந்திருக்கும். மூன்றாவது, எங்கே வருகிறது என்று பாருங்கள். நீண்ட திருப்புளியின் முனையை எஞ்சின் மூடிமேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு சேர்த்துக் கேட்பார் பாய். ஃபேனும் பெல்ட்டும் சுற்றும் பக்கம் கையோ, என் அங்கிபோன்ற தளர்ந்த உடையோ போகக் கூடாது. நான்காவது, அது எப்படிப்பட்ட சத்தம்? மேலிருந்து மெல்லிய 'டிக்' என்றால் பெரும்பாலும் டேப்பட். அடியிலிருந்து கனமான 'டொக் டொக்' என்று, ஏற்றத்தில் இன்னும் பலமாகக் கேட்டால், அது கனெக்டிங் ராடு பேரிங்காக இருக்கலாம். அதோடு ஆயில் விளக்கும் எரிந்தால், எஞ்சினை உடனே அணைத்துவிடுங்கள். ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்.

அன்பர்களே, சிறுவன் சாமுவேலை நினைத்துப் பாருங்கள். இரவில் குரல் கேட்டது. மூன்று முறையும் அவன் ஏலியிடம் ஓடினான். கேட்டது உண்மைதான், வந்த இடம்தான் அவனுக்குத் தெரியவில்லை. கண்பார்வை மங்கிய முதியவர் ஏலி, "சும்மா படு" என்று மூன்றாம் முறையும் அதட்டியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. யோசித்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்று கண்டுகொண்டு, பிள்ளையைத் திருப்பி அனுப்பினார்.

நம் வீட்டிலும் சத்தங்கள் உண்டு. பள்ளிக்குப் போகமாட்டேன் என்று ஒரு பிள்ளை தினமும் முணுமுணுக்கிறது. சமையலறையில் பாத்திரம் வழக்கத்தைவிட பலமாக வைக்கப்படுகிறது. படுத்திருக்கும் அப்பா ஒன்றையே பத்து முறை கேட்கிறார். "சத்தம் போடாதே" என்றால் நின்றுவிடும். நிற்கத்தான் செய்யும். உள்ளே எது எரிகிறது என்று அப்போது நமக்குத் தெரியாது. நம் மனச்சான்று தட்டும்போதும் அப்படித்தான். வாயை அடைப்பதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து காது கொடுப்போம். எப்போது, எங்கே, எப்படி என்று கேட்போம்.

அந்த வண்டியில் வால்வை மாற்றி, இடைவெளியைச் சரியாக அளந்து வைத்துக் கொடுத்தார் பாய். காலையில் அது லேசாக 'டிக் டிக்' என்றுதான் கிளம்பும். ஏறுகிறவர்கள் கேட்டால், "அது நன்றாக இருக்கிறது என்று சொல்கிறது" என்பேன். ஒவ்வொரு முறையும், என்னை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்த அந்த அம்மாவுக்காக மனதுக்குள் ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை நகர்த்துவேன்.

கேட்கும் காதை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.