கைநாட்டுக்கு யார் சாட்சி?



எனக்கு மேடைப் பேச்சு வராது. கவிதை எழுதுகிறவன், பகலில் வங்கிக் குமாஸ்தா. தெரிந்த இடத்திலிருந்தே, கவுண்டரிலிருந்தே தொடங்குகிறேன்.

கையெழுத்துப் போடுகிறவர் செக்கை நீட்டினால் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்த்துப் பணம் கொடுத்துவிடுவோம். கைநாட்டு என்றால் ஆள் நேரில் வரணும், போட்டோவைப் பார்க்கணும், தெரிந்தவர் யாராவது சாட்சி போடணும். தன் பணத்தை எடுக்க, 'இவள் இவள்தான்' என்று இன்னொருவர் சொல்லணும். பத்து வருஷமாக இதைச் செய்கிற எனக்குள் அது எவ்வளவு ஊறிப்போயிருக்கிறது என்று போன மாதம்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் ஒரு அக்கா. உப்பளத்து வேலை. (அவள் சம்மதத்தோடுதான் பேசுகிறேன், பேர் கேட்காதீர்கள்.) கணக்கப்பிள்ளை கொட்டகைக்குக் கூப்பிட்டுக் கையைப் பிடித்து இழுத்திருக்கிறான். எங்கம்மாவிடம் அழுதுகொண்டே சொன்னபோது நாலு மாசம் ஆகியிருந்தது. நான் பெரிய அறிவாளி மாதிரிக் கேட்டேன்: "அன்னைக்கே ஏங்க்கா சொல்லல?"

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். எங்கம்மாதான் திரும்பினாள்: "ஏல, படிச்சவனே! அவன் சொன்னா கணக்கு, நாங்க சொன்னா கதை. அன்னைக்கே சொல்லியிருந்தா மறுநாள் கூலிய நீயாலே குடுப்ப?"

ஸ்டேஷன் ரைட்டரின் கேள்வி, வக்கீலின் குறுக்குக் கேள்வி, சேரியில் பிறந்த என் வாயிலிருந்து வந்திருக்கிறது.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20. தர்மபுரி மாவட்டத்துப் பழங்குடிக் கிராமம். சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, போலீஸ், வருவாய்த்துறை ஆட்கள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வல்லுறவுக்கு ஆளானார்கள். பெண்களையும் குழந்தைகளையும் சேலம் சிறையில் அடைத்தார்கள். அப்போதைய அரசு, அப்படி எதுவும் நடக்கவில்லை என்றது. பழங்குடி மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் விடாமல் நின்றபிறகு 1995இல் சி.பி.ஐ. வந்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் தீர்ப்புக்கு முன்பே செத்துப்போனார்கள். 2011 செப்டம்பர் 29இல் மிச்சமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு. அதில் 17 பேர் மீது வல்லுறவுக் குற்றம். 2023 செப்டம்பர் 29இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அந்தப் பெண்கள் 1992இல் சொன்னதைத்தான் கோர்ட் 2023இல் சொன்னது. நடுவில் 31 வருஷம், அவர்கள் கைநாட்டுக்குச் சாட்சி தேடிய காலம்.

எங்கள் வங்கிச் சுவரில் பாலியல் புகார்க் குழு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. அதற்குப் பின்னால் ராஜஸ்தானின் பன்வாரி தேவி இருக்கிறார். குயவர் சாதி. குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போனதற்காக 1992இல் அவரைச் சிதைத்தார்கள். 1995இல் கோர்ட் அவரை நம்பவில்லை. வல்லுறவுக் குற்றத்திலிருந்து அத்தனை பேரையும் விடுவித்தது. அந்தக் கொடுமையை முன்வைத்துத்தான் பெண்கள் அமைப்புகள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 1997இல் விசாகா நெறிமுறைகள், 2013இல் சட்டம். அவர் நம்பப்படாததில் பிறந்த சட்டம், மாதச் சம்பளக்காரர்களான எங்களுக்கு நோட்டீஸாகத் தொங்குகிறது.

உப்பளத்துக்கும் அது உண்டு. பத்துப் பேருக்குக் குறைவான இடம் என்றால் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் போகலாம். மூன்று மாதத்துக்குள் புகார் தரணும். தவறினால் காரணத்தை எழுதி ஏற்கச் செய்து இன்னும் மூன்று மாதம் வாங்கலாம்.

ஒன்று பாக்கி. சொல்லத் தயக்கமாக இருக்கிறது. அந்தக் கணக்கப்பிள்ளை ஆதிக்க சாதிக்காரன் இல்லை. நம்ம ஆள். இயக்கத்துக்கு நன்கொடை கொடுப்பவன். அதைத் திருப்பிக் கொடுங்கள் என்று பொறுப்பாளர்களிடம் சொன்னேன். 'நமக்குத்தானே கெட்ட பேரு' என்றார்கள். அதற்கு முன்னால் அவர்கள் கேட்டது, "அன்னைக்கே ஏன் சொல்லல?"

இந்த ஊரில் முத்துக்குளித்த காலத்தில், கீழே மூழ்கியவன் கயிற்றை ஒரு இழுப்பு இழுத்தால் தோணியில் இருப்பவன் உடனே தூக்குவான். ஏன் இழுத்தாய் என்பதெல்லாம் மேலே வந்தபிறகு.

மனுவை நான்தான் எழுதினேன். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் எங்கம்மா சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன். அக்கா கைநாட்டு வைத்துவிட்டாள். திங்கட்கிழமை லீவு போட்டிருக்கிறேன்.