கொள்ளிடத்துக்கும் தண்ணீர் விடுவோம்
(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்கு வயது 48. ஸ்ரீரங்கத்தில் பூ கட்டுகிறேன். எங்கள் குழுவுக்கு ஊக்குநராகவும் இருக்கிறேன். "வயதான காலத்துக்குச் சேமிப்பு" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். நான் ஜெயித்த கதை இல்லை, தவறவிட்ட கதை. அதனால்தான் ஒத்துக்கிட்டேன்.

என் அம்மா நாற்பது வருஷம் சாத்தார வீதி பூ மார்க்கெட்டில் உதிரிப்பூ வாங்கிக் கட்டி வித்தவங்க. மூணு பிள்ளைகளையும் அந்தப் பூவிலேதான் வளர்த்தாங்க. கண்ணில் புரை விழுந்த பிறகு பூ கட்ட முடியலை. ஒருநாள் தம்பி வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தாங்க. வெத்தலைக்குப் பத்து ரூபாய் வேணும். தம்பி நல்லவன்தான், கேட்டால் கொடுத்திருப்பான். ஆனால் கேட்க வாய் வராமல் மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை உட்கார்ந்திருக்காங்க. ஊருக்கே பூ கொடுத்த கை அது.

மறுநாளே வங்கிக்குப் போனேன். அடல் பென்ஷன் திட்டத்தில் சேரணும் என்றேன். "வயசு 40 தாண்டிடுச்சேம்மா" என்றார்கள். 2015-ல் அந்தத் திட்டம் வந்தபோது எனக்கு 38. மாதம் 240 ரூபாய் கட்டினால் 60 வயதில் மாதம் 1,000 ரூபாய் வரும் என்று குழுக் கூட்டத்தில் சொன்னார்கள். "அறுபது வயசு வரைக்கும் யாரு இருக்கப் போறா?" என்று சிரிச்சவ நான்தான். என் பேச்சைக் கேட்டு இன்னும் நாலு பேர் சேராமல் விட்டார்கள். அந்த உறுத்தல் இன்னும் இருக்கு.

நம்ம ஊர்க் காரியம் ஒன்று சொல்றேன். முக்கொம்பில் காவேரி ரெண்டாப் பிரியுது. வெள்ளம் வந்தால்தான் மிச்சத் தண்ணி கொள்ளிடத்துக்கு. மத்த நாளெல்லாம் அங்கே மணல்தான். நாம நம்ம முதுமையைக் கொள்ளிடம் மாதிரி வச்சிருக்கோம். பள்ளிக்கூடக் கட்டணம், சீர், மருந்து, வட்டி எல்லாம் போய் மிச்சம் இருந்தால் பார்ப்போம் என்கிறோம். மிச்சம் என்றைக்கு வந்திருக்கு?

இளைய உறுப்பினர்கள் இந்தக் கணக்கைக் கவனியுங்கள். அடல் பென்ஷனில் 1,000 ரூபாய் ஓய்வூதியத்துக்கு 20 வயதில் சேர்ந்தால் மாதம் 50 ரூபாய். 30 வயதில் 116. 40 வயதில் 291. 20 வயதில் சேர்ந்தவள் 40 வருஷத்தில் கட்டுவது 24,000 ரூபாய். 40-ல் சேர்ந்தவள் 20 வருஷத்தில் கட்டுவது 69,840 ரூபாய். ரெண்டு பேருக்கும் கிடைப்பது அதே 1,000. நமக்குப் பிறகு கணவருக்கு அதே தொகை வரும். அவருக்கும் பிறகு வாரிசுதாரருக்கு 1,70,000 ரூபாய்.

அறுபது வயசில் ஆயிரம் ரூபாய் எதற்குக் காணும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். விலைவாசி ஏறும். முடிந்தவர்கள் 5,000 ரூபாய் வரை உள்ள திட்டத்தை எடுங்கள். 30 வயதில் அதற்கு மாதம் 577 ரூபாய். நம்மைப் போல முகூர்த்த மாதத்தில் மட்டும் கையில் காசு பார்ப்பவர்கள் மூணு மாசத்துக்கு ஒரு தரமோ, ஆறு மாசத்துக்கு ஒரு தரமோ கட்டலாம்.

என்னை மாதிரி 40 தாண்டியவர்கள் என்ன செய்வது? நான் தபால் நிலையத்தில் மாதம் 500 ரூபாய் ஆர்.டி. போட்டேன். மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம். ஐந்து வருஷம். நாலாவது வருஷம் என் மகன் பைக்குக்கு முன்பணம் கட்ட அதை எடுத்துத் தரச் சொன்னான். அப்போது 24,000 ரூபாய் இருந்தது. இடையில் எடுத்தால் சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான் கிடைக்கும். அதைவிட, அம்மா திண்ணையில் உட்கார்ந்திருந்தது கண் முன்னால் நின்றது. முடியாது என்றேன். ஒரு மாசம் அவன் என்னோடு பேசவில்லை. ராத்திரியெல்லாம் அழுதேன். பெத்த பிள்ளைக்குத் தராத காசு என்ன காசு என்று தோணிச்சு. ஆனால் நாளைக்கு அவன் வாசலில் நான் தயங்கி நிற்காமல் இருப்பதும் அவனுக்குச் செய்கிற நல்லதுதானே?

இந்த வருஷம் அந்த ஆர்.டி. முடிந்தது. போட்டது 30,000, வட்டி தனி. தொகையை வைப்பில் போட்டுவிட்டு அடுத்த ஆர்.டி. ஆரம்பித்துவிட்டேன். 60 ஆனதும் எல்லாவற்றையும் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டால் மூணு மாசத்துக்கு ஒரு தரம் வட்டி கையில் வரும். வெத்தலைக்கும் மருந்துக்கும் யாரையும் கேட்க வேண்டாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் மூணு காரியம் செய்வோம். 40 வயதுக்குள் இருப்பவர்கள் யார் யார் என்று பெயர் எழுதி, ஒன்றாகவே வங்கிக்குக் கூட்டிப் போவோம். ஒவ்வொருவர் பாஸ்புக்கிலும் வாரிசுதாரர் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்ப்போம். உரிமைத் தொகை வருகிறவர்கள் அதில் 100 ரூபாயாவது, வந்த அன்றைக்கே, நம்ம முதுமைக்கென்று ஒதுக்குவோம்.

வெள்ளம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மாதாமாதம் ஒரு வாய்க்கால் அளவாவது கொள்ளிடத்துக்கும் விடுவோம்.