சம்பளமா, படிப்பா?



ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பகுதியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் பலர் நேரே தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அடுத்த மாதமே வீட்டுக்குச் சம்பளம் வருகிறது. பி.எஸ்ஸி. நர்சிங் என்றால் நான்கு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஏழைத் தகப்பன் எதைத் தெரிந்துகொள்வார்?

ஆனால் அதே பிள்ளையின் கை இயந்திரத்தில் நசுங்கினால், இரவெல்லாம் கவனிக்கப் படித்த நர்சு வேண்டும். விரல்களை மறுபடி மடக்கப் பழக்க, பிசியோதெரபி படித்தவர் வேண்டும்.

இதே நெடுஞ்சாலையில் மேற்கே, வேலூரில், டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் நர்சிங் பயிற்சியைத் தொடங்கினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் வந்தது. திருச்சபைகள் பரிந்துரைத்து அனுப்பிய பிள்ளைகள் படித்துத் திரும்பி, மிஷன் மருத்துவமனைகளில் ஊழியம் செய்தார்கள்.

உங்கள் சபையில் உயிரியல் படிக்கும் பிள்ளை யாரென்று பாருங்கள். கல்லூரிக் கட்டணத்தோடு, அந்த நான்கு ஆண்டு வீட்டுக் கஷ்டத்தையும் சேர்த்துத் தாங்க உதவுமாறு வேண்டுகிறோம்.