படுக்கையை விட்டு எழுந்த பிறகு

மழைக்காலம் வந்துவிட்டால் பல வீடுகளில் ஒரே கதைதான். முதலில் ஒரு வைரஸ் காய்ச்சல். அது விட்டு இரண்டு வாரத்தில் சளி, இருமல். அது அடங்குவதற்குள் டெங்கு. தினமும் காலையில் நடக்கப் போய்க்கொண்டிருந்தவர், காய்ச்சல் விட்டதும் இரண்டு நாள் போவார்; மறுபடி படுத்துவிடுவார். மூன்றாம் முறை எழும்போது மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். இனி நமக்கு இதெல்லாம் ஒத்துவராது என்று காலணியை ஓரமாக வைத்துவிடுவார். காய்ச்சல்தான் ஆளை உருக்கிவிட்டது என்பார்கள் வீட்டில். காய்ச்சல் மட்டும் அல்ல, படுக்கைக்கும் அதில் பெரிய பங்கு உண்டு.

நோயே இல்லாதவரைப் படுக்க வைத்தால் என்ன ஆகும்? 1966-ல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். 20 வயதுள்ள, நல்ல ஆரோக்கியமான ஐந்து இளைஞர்கள். மூன்று வாரம் முழுக்கப் படுக்கையிலேயே இருந்தார்கள். எழுந்தபோது, கடுமையாக உழைக்கையில் உடல் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. பிறகு எட்டு வாரப் பயிற்சி கொடுத்ததில் ஐவரும் தேறினார்கள். அதில் ஒரு வேடிக்கை. ஏற்கெனவே உடற்பயிற்சிப் பழக்கம் இருந்த இருவருக்குத்தான் பழைய நிலைக்கு வர அதிக நாள் பிடித்தது. இழப்பதற்கு அவர்களிடம் அதிகம் இருந்தது அல்லவா!

அதே ஐவரை 30 வருடம் கழித்து, 50 வயதில் மறுபடி அழைத்துப் பரிசோதித்தார்கள். முப்பது வருட முதுமை அவர்களிடமிருந்து பறித்ததைவிட, இருபது வயதில் மூன்று வாரப் படுக்கை பறித்தது அதிகம் என்று தெரியவந்தது. ஆறு மாதம் நடை, மெல்லோட்டம், சைக்கிள் என்று படிப்படியாகப் பயிற்சி கொடுத்ததும், ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும் திறன் 1966-ல் படுக்கைக்கு முன் இருந்த அளவுக்கே திரும்பிவிட்டது.

வயதானவர்களுக்குப் படுக்கை இன்னும் வேகமாக வேலையைக் காட்டுகிறது. சராசரி வயது 67 உள்ள, நோய் எதுவும் இல்லாத சிலரைப் பத்து நாள் படுக்க வைத்துச் செய்த ஆய்வு 2007-ல் வெளியானது. பத்தே நாளில் அவர்களுடைய கால்களில் ஏறக்குறைய ஒரு கிலோ தசை குறைந்துவிட்டது. இதோடு காய்ச்சலும் பசியின்மையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். காய்ச்சல் நேரத்தில் உடல் தன் தசையையே கரைத்துப் புரதத்தை எடுத்துக்கொள்கிறது.

அடிக்கடி படுப்பவர்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. ஒருமுறை நோய் வந்தால் இரண்டு படி இறங்குகிறோம் என்று வையுங்கள். ஒரு படி ஏறுவதற்குள் அடுத்த நோய் வந்து இன்னும் இரண்டு படி இறக்கிவிடுகிறது. முதுமையில் தசை மெல்ல மெல்லத் தேய்கிறது என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பலருக்கு அது இப்படி ஒவ்வொரு நோயிலும் ஒரேயடியாகச் சில படிகள் இறங்குகிறது என்று இப்போது மருத்துவ ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இரண்டு நோய்களுக்கு நடுவில் கிடைக்கும் அந்தச் சில வாரங்களுக்கு மதிப்பு அதிகம். எத்தனை முறை விட்டுப்போனாலும் அந்த இடைவெளியில் செய்த பயிற்சி வீண்போவதில்லை.

இதற்கு ஓர் அழகான சான்று நார்வேயிலிருந்து கிடைத்தது. ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டியன் குண்டர்சனின் குழு எலிகளின் தசையை ஆராய்ந்து 2010-ல் வெளியிட்ட முடிவு அது. தசைக்கு வேலை கூடும்போது தசைநாருக்குள் புதிய உட்கருக்கள் சேர்கின்றன. வேலை நின்றதும் தசைநார் மெலிகிறது. சேர்ந்த உட்கருக்களோ அப்படியே இருக்கின்றன. ஒருமுறை பழகிய தசை மறுபடி வளரும்போது அவை உதவும் என்பது அவர்கள் கருத்து. மனிதர்களிடம் இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

அடுத்தடுத்த நோயிலிருந்து மீண்டவர்களில் வில்மா ருடால்ஃபைப் போல இன்னொருவரைக் காண்பது அரிது. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் ஓர் ஏழைக் கறுப்பினக் குடும்பத்தில் 1940-ல் குறைமாதத்தில் பிறந்தவர். 22 பிள்ளைகளில் இருபதாவது பிள்ளை. சின்ன வயதிலேயே நிமோனியா, ஸ்கார்லெட் காய்ச்சல், அதற்கு மேல் போலியோ. இடது கால் வலுவிழந்து, இரும்புக் கவசம் மாட்டித்தான் நடக்க முடிந்தது. நிறவெறி ஆண்ட அந்த ஊரில் கறுப்பினக் குழந்தைக்குச் சிகிச்சை கிடைப்பது அரிது. வாரந்தோறும் தாயார் அவரைச் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி இருந்த நாஷ்வில் நகரத்துக்குப் பேருந்தில் கூட்டிப்போவார். கறுப்பினத்தவருக்கான மெஹாரி மருத்துவக் கல்லூரியில் சிகிச்சை நடந்தது. காலைப் பிடித்துவிடும் முறையை அங்கே கற்றுக்கொண்டு, வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு முறை முறைவைத்துச் செய்தார்கள். அந்தப் பெண், கவசத்தைக் கழற்றிவிட்டுக் கூடைப்பந்து ஆடத் தொடங்கினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் 16 வயதில் தொடரோட்டத்தில் வெண்கலம். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடரோட்டம் மூன்றிலும் தங்கம். ஒலிம்பிக் பதக்கம் எல்லோருக்கும் வரப்போவதில்லை. அந்த வீட்டார் வருடக்கணக்கில், சிறு அளவில், விடாமல் செய்ததை மட்டும் கவனியுங்கள்.

குழந்தை உடம்பு, அதனால் தேறிவிட்டது என்று சிலர் சொல்லக்கூடும். அவர்களுக்கு பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் பதில் இருக்கிறது. மரியா ஃபியாட்டரோன் என்ற மருத்துவரின் குழு அங்கே இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தது. வயது 86 முதல் 96 வரை. எட்டு வாரம் தொடைத் தசைக்கு எடை தூக்கும் பயிற்சி. 1990-ல் முடிவு வெளியானபோது மருத்துவ உலகம் வியந்தது. பயிற்சியை முடித்தவர்களின் தொடை வலு சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. இரண்டு பேர் கைத்தடியை விட்டுவிட்டு நடந்தார்கள்.

சரி, எங்கே தொடங்குவது? காய்ச்சல் அடிக்கும்போது பயிற்சி கூடாது. மருத்துவர் அசையாமல் படுக்கச் சொல்லாதவரை, சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடலாம், கழிவறைக்கு நடந்து போகலாம், படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் அசைக்கலாம். காய்ச்சல் விட்டு, பசி எடுத்து, வீட்டுக்குள் சிரமமில்லாமல் நடமாட முடிந்த பிறகு முதல் கருவி ஒரு நாற்காலி. கைப்பிடியைத் தொடாமல் எழுந்து, மெதுவாக உட்காருங்கள். ஐந்து முறை போதும். சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது என்று அடுத்தடுத்துச் சேர்க்கலாம். நடையைப் பொறுத்தவரை, வழக்கமாக நடந்த தூரத்தில் பாதிக்கும் கீழே தொடங்குவது நல்லது.

எந்த அளவு சரி என்பதை அறிய ஒரு சுலப வழி உண்டு. நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும். பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டலாம். பேச்சே தடுமாறினால் வேகம் அதிகம். சிக்குன்குனியா வந்து போனவர்களில் சிலருக்கு மூட்டுவலி மாதக்கணக்கில் இருக்கும். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரம் கழித்தும் வலி முன்னைவிடக் கூடுதலாக இருந்தால், மறுநாள் அளவைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

நடுவில் மறுபடி படுத்துவிட்டால், விட்ட இடத்தில் பிடிக்க நினைக்காதீர்கள். பாதியிலிருந்து ஆரம்பியுங்கள். தூரம், வேகம், எண்ணிக்கை மூன்றையும் ஒரே வாரத்தில் கூட்ட வேண்டாம், ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள்.

சாப்பாட்டு விஷயத்தில் ஒரு பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கிறது. காய்ச்சல் விட்டு வாரங்கள் ஆன பிறகும் கஞ்சி, ரசம் சாதம் என்றே பலர் ஓட்டுகிறார்கள். தசை கட்டப் புரதம் வேண்டும். நலமாக இருப்பவருக்கே உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் வேண்டும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம். நோயிலிருந்து தேறும் முதியவருக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை தேவை என்பது நிபுணர்களின் பரிந்துரை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் இருக்கிறது. பருப்பு, சுண்டல், தயிர், மீன் என்று மூன்று வேளைக்கும் பிரித்துச் சாப்பிடுவது நல்லது. சத்துணவு மட்டும் போதுமா என்றால் போதாது. ஃபியாட்டரோன் குழு 1994-ல் நூறு முதியவர்களிடம் செய்த ஆய்வில், சத்துப் பானம் மட்டும் குடித்தவர்களின் தசை வலு கூடவில்லை. பயிற்சி செய்தவர்களுக்குத்தான் கூடியது.

எல்லோருக்கும் இந்தப் பயிற்சி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையில் அழற்சியை உண்டாக்கும். காய்ச்சலுக்குப் பிறகு நெஞ்சுவலி, படபடப்பு, மயக்கம் வந்தால் பயிற்சியை உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்த அழற்சி கண்ட விளையாட்டு வீரர்களை மூன்று முதல் ஆறு மாதம் வரை போட்டியிலிருந்து விலக்கி வைப்பது வழக்கம்.

இன்னொரு வகையினர் உண்டு. கொஞ்சம் வேலை செய்தாலும் மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ அடித்துப் போட்டதுபோல் கிடப்பார்கள். தூங்கி எழுந்தாலும் அலுப்பு தீராது. மாதக்கணக்கில் நீடிக்கும் இந்தத் தீராச் சோர்வு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் பயிற்சியைத்தான் முன்பு பிரிட்டனில் சிகிச்சையாகப் பரிந்துரைத்தார்கள். 2021-ல் அந்நாட்டில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு அந்தப் பரிந்துரையைக் கைவிட்டது. கோவிட்டுக்குப் பிறகும் சிலருக்கு இப்படிப்பட்ட சோர்வு வருவதுண்டு. அவர்கள் தங்கள் சக்தி அளவுக்குள் வேலையைப் பங்கிட்டுக்கொள்வதே நல்லது. வீட்டார் ‘சோம்பேறித்தனம்’ என்று ஏசக் கூடாது.

தனியாகத் தொடங்கத் தயங்குபவர்கள் ஓர் இயன்முறை மருத்துவரை ஒருமுறை பார்த்துவிடலாம். எழுந்து வெளியே வர முடியாத நிலையில் வீட்டில் பெரியவர்கள் இருந்தால், தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இத்திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகிறது. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, கிராம சுகாதாரச் செவிலியரிடமோ கேட்டால் விவரம் கிடைக்கும். எந்தெந்த நோய் எப்போது வந்தது, எத்தனை நாள் படுக்கை, இப்போது நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழ முடிகிறது என்று ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எந்தப் பயிற்சியை எந்த அளவில் தொடங்கலாம் என்று அவர்கள் தீர்மானிக்க அது உதவும்.